எண்ணெய்க் கைக்கு ஒரு போன்

மாலை நான்கு மணி, நூற்று எண்பது உருண்டை மாவு, மாஸ்டர் பெயர் சிக்கந்தர். ஆகஸ்ட் மாத இரண்டாவது சனிக்கிழமை. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள ஹோட்டலில் அவர் அன்றைய முதல் பரோட்டாவை வீசத் தொடங்கியிருந்தார்.

காலையில்தான் அவருடைய பழைய பட்டன் போன் உயிரை விட்டது. மகள் ஷமீமா திருநெல்வேலியில் பிரசவ வார்டில் இருந்தாள். மனைவி துணைக்குப் போயிருந்தார். சனிக்கிழமை வியாபாரத்தில் மாஸ்டர் நகர முடியாது. பிள்ளை பிறந்ததும் போன் வரும், அதைப் பரோட்டாக் கல்லுக்கு முன்னால் நின்றபடியே எடுக்க வேண்டும். அதனால் வந்தவர் போனவரிடமெல்லாம் ஒரே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எண்ணெய்க் கையோட எடுக்க எந்த போன் தோது?"

ஒருவர் கேமராவைப் பற்றிச் சொன்னார். ஒருவர் மெமரியைப் பற்றிச் சொன்னார். இன்னொருவர் எந்தக் கலர் எடுப்பாக இருக்கும் என்று விளக்கினார். கையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

நிலத் தரகர் மாடக்கண்ணு மட்டும் பேச்சோடு நிற்கவில்லை. தன் பெரிய போனைக் கல்லுக்குப் பக்கத்து மேடையில் வைத்து, மாஸ்டரின் சிம்மை எடுத்து அதில் போட்டார்.

"பாய், இன்னைக்கு வச்சுப் பாரும். பிடிச்சா நீரே எடுத்துக்கிடும். எனக்கு அடுத்த மாடல் வருது."

"சார்ஜ் நிக்குமா?" என்று மாஸ்டர் கேட்டார்.

"பங்குனி உத்திரத்துக்குப் போட்ட சார்ஜ் வே இது! போன மாசம் எங்க தெருவுல கரண்ட் இல்ல. இதுல இருந்து ஒரு ஒயரை இழுத்தேன். ஆறு வீட்டுல கிரைண்டர் ஓடிச்சு. மறுநாள் கரண்ட் ஆபீஸ்ல இருந்து ரீடிங் எடுக்க ஆளு வந்துட்டான்."

டீ குடித்துக்கொண்டிருந்த கண்டக்டர் எபனேசர் தலையைத் தூக்கினார். "மீட்டரை எங்க அண்ணாச்சி மாட்டுனாங்க?"

"போன் கவர்ல. நீ டீயைக் குடி தம்பி."

மாஸ்டர் ஒரு பரோட்டாவைத் திருப்பிப் போட்டார். "கையி எண்ணெயா இருக்குமே அண்ணாச்சி..."

"அதுக்குத்தான் வாரேன். மொதல்ல கேமராவைக் கேளும். எட்டயபுரம் ரோட்டுல ஒரு காலி மனை, வெறும் கருவேலம். பார்ட்டிக்கு அனுப்ப ஒரு போட்டோ எடுத்தேன். போட்டோவுல வீடு கட்டி, பால் காய்ச்சி, வாசல்ல பதினாலு ஜோடி செருப்பு கெடக்கு!"

"யாரு செருப்பு?" என்றார் எபனேசர்.

"அது தெரிஞ்சா நான் ஏன் பார்ட்டி தேடுதேன்? பெருசாக்கிப் பாத்தேன். மாடியில தண்ணித் தொட்டி ஒழுகுது. அப்பவே சொல்லிட்டேன், தொட்டியை மட்டும் மாத்திக் கட்டுங்கன்னு."

கல்லாவில் இருந்த முதலாளி தங்கராசு சிரிக்காமல் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்தால் மாடக்கண்ணு இன்னொரு டீயைக் காசில்லாமலே குடிப்பார்.

"நனைஞ்சா தாங்குமா?" மாஸ்டர் விடவில்லை.

"மச்சான் தோட்டத்துக் கெணத்துல விழுந்து ஏழு நாள் கெடந்துச்சு. எட்டாம் நாள் தண்ணியை எறைச்சுப் பாத்தா, சுத்திக் கெண்டை மீனு கூட்டம், நடுவுல இது. அந்த ஏழு நாள்ல ரெண்டு கிரயம் பேசி முடிச்சிருக்கு."

"யாரு பேசுனா?" என்றார் மாஸ்டர்.

"போனுதான். நான் மேல கயித்தைப் பிடிச்சுக்கிட்டுல்லா நின்னேன்."

எபனேசர் டம்ளரை வைத்தார். "அண்ணாச்சி, மாஸ்டர் எண்ணெய்க் கையைக் கேக்காரு."

"கை எதுக்கு வே? அடிச்ச உடனே யாருன்னு அதுக்குத் தெரியும். நீரு எடுக்கணும்னு நெனச்சாப் போதும்."

அப்போது போன் அடித்தது. திரையில் 'வீடு' என்று வந்தது; மனைவியின் நம்பருக்கு மாஸ்டர் வைத்திருந்த பெயர் அது.

மாஸ்டர் நினைத்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. விரலால் தள்ளினார். மாவு ஒட்டிக்கொண்டதே தவிரத் திரை அசையவில்லை. பதற்றத்தில் போனைக் கையில் எடுத்தார். கண்ணாடி மாதிரி வழுவழுப்பான போன், எண்ணெயில் ஊறிய கை. அது அயிரை மீன் போல விரலிடுக்கில் நழுவி, பக்கத்தில் இருந்த சால்னா அண்டாவுக்குள் இறங்கியது.

சிவந்த எண்ணெய்க்கு அடியில் 'வீடு' வெளிச்சமாகத் தெரிந்தது. மூன்று முறை அடித்தது. பிறகு வெளிச்சம் போய்விட்டது.

"யா அல்லாஹ்! என்ன ஆச்சோ தெரியலையே" என்று மாஸ்டர் அண்டாவுக்குள் கையை விடப் போனார். எபனேசர் தோளைப் பிடித்து இழுத்து, நீளக் கரண்டியால் துழாவி போனை வெளியே எடுத்தார். அதிலிருந்த சிம்மைக் கழற்றி, கழுவி, சட்டையில் துடைத்தார். முதலாளி தன் பழைய பட்டன் போனின் ரப்பர் பேண்டைக் கழற்றி, பின்மூடியைத் திறந்து நீட்டினார். சிம் உள்ளே போய், போன் உயிர் பெறும் வரை அந்தக் கடையில் யாரும் பரோட்டா கேட்கவில்லை.

போன் அடித்தது. மாஸ்டர் மாவுக் கட்டைவிரலால் பச்சைப் பட்டனை அழுத்தினார். எடுத்தது.

"பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. தாயும் புள்ளையும் சுகம். ஏங்க போனை எடுக்கல?"

மாஸ்டர் முழங்கையால் கண்ணைத் துடைத்தார். முதலாளி இரண்டு காரியங்கள் சொன்னார்: எல்லாருக்கும் அல்வா, அண்டாவில் இருப்பதைக் கொட்டு.

மாடக்கண்ணு தன் போனை ஒரு வாழை இலையில் ஏந்தி நின்றார். அதிலிருந்து பட்டை வாசம் வந்தது.

"கெணத்துல ஏழு நாள் கெடந்துச்சுன்னியளே அண்ணாச்சி?" என்றார் எபனேசர்.

"அது தண்ணி. இது சால்னா" என்றார் மாடக்கண்ணு. "அதுக்குள்ளயும் மூணு தடவை அடிச்சுதா இல்லையா? நீயே சாட்சி."

மாஸ்டர் புதுப் போனை வாங்கப் போகவில்லை. "இது என்ன மாடல் மொதலாளி?" என்று கேட்டார்.

"மாடலா? ரப்பர் பேண்ட் போட்டது. வச்சுக்கிடும்."

செப்டம்பர் முதல் தேதி மாடக்கண்ணு ஒரு பட்டன் போன் வாங்கினார். அதற்குச் சார்ஜரே தேவையில்லை என்று இரண்டாம் தேதி சொன்னார்.