திருப்பித்தந்தான் குடா

முன்னொரு காலத்தில் செம்பாறை நாட்டை அலைகொண்டான் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் நினைத்தது உடனே நடந்தாக வேண்டும். ஒருநாள் இருபுறமும் பாறை உயர்ந்த அழகான கடற்குடா ஒன்றைக் கண்டான். "இங்கே எனக்கு மாளிகை எழும்பட்டும்! மீனவர்கள் காலி செய்யட்டும்!" என்றான்.

நீலாயி என்ற மீனவப் பெண் அமைச்சர் வெண்காடரிடம் ஓடிவந்தாள். "சாமி, புயலடிச்சா எங்க படகு ஒதுங்க வேற இடமே இல்லீங்க. எங்க ஆம்பிளைங்க கரை திரும்ப மாட்டாங்க!"

வெண்காடர் சபையில் எடுத்துச் சொன்னார். அவர் பதவிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த செண்டலங்காரன் குறுக்கிட்டான்: "குடா யாருக்கென்று குடாவையே கேட்போமே, மகாராஜா!"

"பலே! அது சொல்வதே தீர்ப்பு!" என்றான் ராஜா.

எல்லோரும் கரைக்குப் போனார்கள். செண்டலங்காரன் தொண்டை கிழியக் கத்தினான்: "குடா யாருக்கு? மன்னருக்கு!"

"மன்னருக்கு... மன்னருக்கு..." என்றன பாறைகள். ராஜாவுக்கு வாயெல்லாம் பல்.

நீலாயியின் முகத்தைப் பார்த்தார் வெண்காடர். 'தலை போனாலும் போகட்டும்' என்று துணிந்தார்.

"இந்தச் சாட்சி பொய்யே சொல்லாதோ?" என்று கேட்டார்.

"சொல்லவே சொல்லாது!" என்றான் செண்டலங்காரன்.

"அப்படியானால் நானும் ஒன்று கேட்கிறேன்." அமைச்சர் பாறையைப் பார்த்துக் கூவினார்: "அரியணை யாருக்கு? அமைச்சருக்கு!"

"அமைச்சருக்கு... அமைச்சருக்கு..."

ராஜாவின் கை உடைவாளுக்குப் போனது.

"துரோகம்!" என்று துள்ளினான் செண்டலங்காரன். "பாறைக்கு என்ன தெரியும், மகாராஜா? நாம் சொன்னதைத்தானே அது திருப்பிச் சொல்கிறது!"

ராஜா மெல்ல அவன் பக்கம் திரும்பினான். "அப்போது நீ கேட்டதற்குச் சொன்னதும் அப்படித்தானோ?"

செண்டலங்காரன் கூட்டத்துக்குள் நழுவப் பார்த்தான்.

வெண்காடர் கைகூப்பினார். "குடா கொடுத்த அரியணையைத் தங்களுக்கே திருப்பித் தந்துவிட்டேன், அரசே. அது தங்களுக்குக் கொடுத்ததைத் தாங்கள்..."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். "தலையைப் பணயம் வைத்தா இதைச் சொன்னீர்? உம்மைப்போல் ஓர் அமைச்சர் எந்த ராஜாவுக்கு வாய்ப்பார்!" என்று தன் முத்துமாலையைக் கழற்றி அவருக்குச் சூட்டினான். செண்டலங்காரனைப் படகுகளுக்குத் தார் பூச அனுப்பினான். குடாவை மீனவருக்கே விட்டுக்கொடுத்தான்.

அன்றே ஊரார் அதற்குத் 'திருப்பித்தந்தான் குடா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். திருப்பித் தந்தவன் ராஜாவா, அமைச்சரா, பாறையா என்று கேட்டால், "மூணு பேருந்தான்!" என்பாளாம் நீலாயி.