காவல் மாறிய பிறகு

"அம்மா, என் மனசு அடங்க மாட்டேங்குது."

சேந்தன் இப்படிச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கத்தரிக்காயை நறுக்கினேன்.

பின்னே என்ன? எங்கள் மடத்திலேயே ஆடாமல் அசையாமல் உட்காரத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். விடிந்ததும் புங்கமரத்தடியில் உட்கார்ந்தால் வெயில் ஏறும்வரை அப்படியே இருப்பார். மூக்கின் மேல் ஈ வந்து உட்காரும். சாவகாசமாகக் காலைத் தேய்த்துக்கொள்ளும். தனக்காகத் தோன்றினால்தான் எழுந்து போகும்.

நான் கண்ணை மூடினால் முதுகு அரிக்கும். அடுப்பு அணைந்துவிட்டதோ என்று தோன்றும். பக்கத்து ஆளின் ஏப்பம் காதில் விழுந்து கோபம் வரும்.

அப்பேர்ப்பட்டவருக்கே மனசு அடங்கவில்லையாம். அப்படியானால் நானெல்லாம் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

உலகம்மை முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவர்தான் எங்கள் குரு. சேந்தனுக்கு அவரைவிடப் பத்துப் பதினைந்து வயது கூட இருக்கும். இருந்தாலும் நாங்கள் எல்லோருமே அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவோம்.

"எது அடங்கல, படைக்காரரே?"

"ஏக்கம்மா."

"யாரு மேல?"

"என் மக மேல. தேனம்மைன்னு பேரு."

சேந்தன் ராஜாவின் முகப்புப் படையில் இருந்தவர். அரண்மனை வாசலில் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி நிற்பார்களே, அந்தப் படை. வயதாகி அனுப்பிவிட்டதும் நேராக எங்கள் மடத்துக்கு வந்துவிட்டார்.

"தாயில்லாத பொண்ணும்மா. கல்யாணம் முடிஞ்சு, உப்பளக் கரையில இருக்கிற புகுந்த வீட்டுக்குக் கிளம்புறா. தோணி ஏறணும். அதுக்கு முன்னாடி என்னைப் பாக்க வாசலுக்கு வந்தா. நான் காவல்ல நிக்கிறேன்."

"என்ன சொன்னா?"

"'போயிட்டு வரேம்ப்பா'ன்னா."

"நீர்?"

"நான் என்னத்தைச் சொல்ல? காவல்ல வாய் திறக்கக் கூடாது. கண்ணைத் திருப்பக் கூடாது. எதிர்ச் சுவத்துல ஒரு ஆணி அடிச்சிருப்பாங்க. அந்த ஆணியத்தான் பாக்கணும். ராஜாவே வந்தாலும் ஆணிதான்."

"மக?"

"ஆணிக்குக் கீழ மங்கலா ஒரு மஞ்சச் சேலை தெரிஞ்சுது. கொஞ்ச நேரம் இருந்துச்சு. அப்புறம் இல்லை."

அவர் குரல் கம்மியது. முகம் மட்டும் அப்படியே இருந்தது.

"வருஷம் எத்தனையோ ஓடிப்போச்சு. புள்ளைங்க பொறந்திருக்குன்னு கேள்விப்பட்டேன். கண்ணை மூடினா அவ முகம் வர மாட்டேங்குது. மஞ்சச் சேலைதான் வருது. அந்தப் பாழாப்போன ஆணிதான் வருது. இந்த ஏக்கத்தை அறுத்து விடுங்கம்மா. அதுக்குத்தான் வந்தேன்."

அம்மா ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தார்.

"உம்ம படையைப் பத்திச் சொல்லும்" என்றார்.

"என்ன?"

"படை. எத்தனை பேரு, யாருக்கு என்ன வேலை. சொல்லும், கேப்போம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனுஷன் குடலைப் பிடுங்கி முன்னால் போடுகிறான், இவர் கதை கேட்கிறார்.

சேந்தனோ நிமிர்ந்து உட்கார்ந்தார். படை என்று சொன்னால் போதும், தோள் தானாக விரியும்.

"எங்களுது காலாள் படைம்மா. குதிரையில வர்றவன் வேற. நாங்க தரையில நிக்கிறவங்க. நாலு அணி. வாசல்ல நிக்கிறது வாசலணி. கொடி ஏத்தி இறக்குறது கொடியணி. ராஜா வெளிய கிளம்பினா முன்னால போறது முரசணி. நாலாவது அணிக்கு வருஷக்கணக்கா வேலையே வராது."

"அது என்ன அணி?"

"பாடையணி. அரண்மனையில சாவு விழுந்தாத் தூக்குறதுக்கு."

"சாவே விழலேன்னா?"

"வெறும் பாடையைத் தூக்கித் தூக்கிப் பழகுவாங்க. மேல ஒரு குடம் தண்ணி வெச்சிருக்கும். ஒரு சொட்டு தளும்பக் கூடாது."

"நல்ல பிழைப்பு" என்று முணுமுணுத்தேன். அம்மா என்னைப் பார்த்தார். நான் கத்தரிக்காயைப் பார்த்தேன்.

அன்றைக்கு அவ்வளவுதான். சேந்தன் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

மறுநாளும் படைக் கதை. அதற்கு மறுநாளும்.

ஆள் எடுப்பது எப்படி என்று கேட்டார் அம்மா. வாசலில் ஒரு கயிறு கட்டியிருப்பார்களாம். நெற்றி அதில் முட்டினால்தான் உள்ளே. எல்லோருக்கும் ஒரே உயரம், ஒரே நடை, ஒரே மீசை.

"மீசை வளராதவன் என்ன செய்வான்?"

"ஆட்டு மயிரை ஒட்டிக்குவான்."

அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். "ஏன் சேந்தன், அந்த ஒட்டு மீசையோட சண்டைக்கும் போனீங்களா?"

அவர் கோபப்படவில்லை. "போனோம். வடக்கு எல்லையில. எங்களைத்தான் முன்னால நிறுத்தினாங்க. நிக்கத் தெரிஞ்சவங்கன்னு."

"அப்புறம்?"

"பாதிப் பேரு திரும்பி வரலை. ராஜ குடும்பத்தைத் தவிர வேற யாரையும் தொடாத பாடையணி அன்னிக்கு ஊரான் வீட்டுப் புள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு வந்துச்சு. ஆள் பத்தாம நாங்களும் தோள் குடுத்தோம்."

அதற்குப் பிறகு நான் அந்த மீசையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆனாலும் பொறுமைக்கு ஓர் அளவு உண்டு. ஒருநாள் சேந்தன் போனதும் அம்மாவிடமே கேட்டுவிட்டேன்.

"அவரு மகளுக்காக ஏங்கிக் கெடக்காரு. நீங்க கொடியையும் முரசையும் கேட்டுக்கிட்டு இருக்கீங்க. இது நல்லா இருக்கா?"

"ஓய் சிடுமூஞ்சி" என்றார் அம்மா. என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "வீட்டுக்குள்ள பாம்பு பூந்துட்டா நீர் என்ன செய்வீர்?"

"ஒவ்வொரு சாமானா எடுத்து வெளிய வெச்சுப் பாப்பேன்."

"அதைத்தான் செய்யறேன். போய் உலையை வையும்."

திருவிழாவுக்கு முந்தின நாள் மடத்துப் பாத்திரம் பூராவும் ஆற்றங்கரைக்கு வந்தது. விளக்கு, சொம்பு, தாம்பாளம், எல்லாம் பித்தளை. புளியும் சாம்பலும் வைத்துக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

இதிலும் சேந்தனை மிஞ்ச முடியாது. அவர் துலக்கின சொம்பில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம்.

"படைக்காரரே, காவல் மாத்துறது எப்படி? அதைச் சொல்லவே இல்லையே" என்றார் அம்மா, தாம்பாளத்தைத் தேய்த்துக்கொண்டே.

சேந்தன் உற்சாகமாக ஆரம்பித்தார். "அதுதாம்மா எங்க படையிலயே அழகான விஷயம். வேத்தூர்க்காரங்க எல்லாம் அதைப் பாக்கத்தான் வருவாங்க. மாத்த வர்றவன் தோளோட தோள் உரசி நிப்பான். 'நான் வந்துட்டேன், நீ போகலாம்'னு மெதுவாச் சொல்லுவான். எதிர்ல இருக்கிறவங்களுக்குக் கேக்காது. அதைக் கேட்டாத்தான் அசையலாம். அதுக்கு முன்னாடி ஒரு விரல் அசைஞ்சாலும் கசையடி."

"கேட்டப்புறம்?"

"கேட்டப்புறம் நம்ம இஷ்டம்."

"எங்க வேணும்னாலும் போகலாமா?"

"தாராளமா. மறுநாள் நம்ம முறை வர்ற வரைக்கும் ஏன்னு கேக்க நாதியில்லை."

அம்மா தாம்பாளத்தைத் தண்ணீரில் முக்கி எடுத்தார்.

"அன்னிக்கு உம்மை மாத்த ஆள் வந்தானா?"

சேந்தனின் கை சொம்பின் மேல் நின்றுவிட்டது.

"வந்தான்."

"எப்போ?"

"உச்சி வேளையில."

"'நீ போகலாம்'னு சொன்னானா?"

"சொன்னான்."

"தோணி எப்பக் கிளம்புச்சு?"

அக்கரையில் யாரோ எருமையை அதட்டிக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"தோணி எப்பக் கிளம்புச்சு, படைக்காரரே?"

"பொழுது சாய."

"ஓ" என்றார் அம்மா. அடுத்து ஒரு விளக்கை எடுத்தார். "வாசல்ல உம்ம மக வேற எதுவும் சொல்லலையா?"

சேந்தன் ஆற்றைப் பார்த்தார்.

"'துறையில இருப்பேம்ப்பா'ன்னு சொன்னா."

"அடப் பாவி மனுஷா!" என்று கத்திவிட்டேன். அம்மா தடுக்கவில்லை. "துறை எவ்வளவு தூரம்?" என்று நானே கேட்டேன்.

"அரண்மனைப் படியில நின்னு பாத்தாப் பாய்மரம் தெரியும்."

"நடுவுல என்ன செஞ்சீர்?" என்றார் அம்மா. அதட்டலே இல்லை. குழம்புக்கு உப்புப் போட்டாயா என்று கேட்பது மாதிரிதான் கேட்டார்.

"பொத்தான் துலக்கினேன்."

"என்னது?"

"மறுநாள் அணிவகுப்பும்மா. சட்டையில பித்தளைப் பொத்தான். நாங்க தங்குற கொட்டடியில உக்காந்து துலக்கிக்கிட்டு இருந்தேன். கூட்டாளி ஒருத்தன் ஓடி வந்தான். 'உன் மக இன்னும் துறையிலயே நிக்கிறா, போய்ப் பாருடா'ன்னான்."

"நீர் என்ன சொன்னீர்?"

"கையெல்லாம் புளியா இருக்குன்னு சொன்னேன்."

இப்போதும் அவர் கையெல்லாம் புளிதான். அதை அவரும் பார்த்தார், நாங்களும் பார்த்தோம்.

பிறகு அவராகவே சொன்னார்.

"புளி எல்லாம் சும்மாம்மா. போனா அழுதிருப்பேன். துறையில அத்தனை கூட்டம். முகப்புப் படைக்காரன் மகளைக் கட்டிப் புடிச்சு அழுதான்னு ஊரு பேசும். பயந்துட்டேன். வாசல்ல திரும்பக் கூடாதுன்னு சட்டம் இருந்துச்சு. துறையில அந்தச் சட்டம் இல்லையே."

அதற்கு மேல் முடியவில்லை. உடம்பு குலுங்க ஆரம்பித்தது. ஈ உட்கார்ந்தால் கூட அசையாத அந்த மனுஷன் புளிக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதார். சொம்பு உருண்டு தண்ணீருக்குள் போனது. நான் அதை எடுக்கவில்லை. அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

எத்தனை நாள் அந்த முதுகைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருப்பேன்! அன்றைக்கு அது என் கைக்குக் கீழே குலுங்கிக்கொண்டிருந்தது.

அழுகை ஓய்ந்தது. அம்மா ஒரு கை தண்ணீர் அள்ளி அவர் கையில் ஊற்றினார். இன்னொரு கை. புளியும் சாம்பலும் கரைந்து போயின.

"ஏக்கத்தை அறுத்து விடணும்னு கேட்டீரே" என்றார். "அறுத்துடவா?"

சேந்தன் பதறிப்போனார்.

"ஐயோ, வேண்டாம்மா!"

"பின்னே?"

"உப்பளக் கரைக்குத் தோணி இன்னிக்கும் உண்டாம்மா?"

"பொழுது சாயறப்ப உண்டு."

எழுந்தார். வேட்டி நனைந்திருந்தது. மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மூட்டை முடிச்சு எடுக்க மடத்துக்குப் போகவில்லை. கரையோடு துறைப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். முகப்புப் படை நடை இல்லை அது. வழியில் கல் தடுக்கினால் தடுமாறிக்கொண்டு, அவசரமாக, சாதாரண மனுஷன் போகிற மாதிரி போனார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "போங்க சேந்தன், போங்க!" என்று கத்தினேன்.

கொஞ்ச தூரம் போனவர் நின்றார். திரும்பி எங்களிடமே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, இத்தனை வருஷம் கழிச்சுப் போறேன். அவ எனக்கு முகம் குடுக்கலேன்னா? நான் அவ வீட்டு வாசல்ல போய் நிக்கிறப்ப, அவ என்னைத் திரும்பியே பாக்கலேன்னா?"

உலகம்மை தண்ணீருக்குள் கையை விட்டு அந்தச் சொம்பைத் தேடிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்.

"நில்லும். உம்ம தொழிலே அதுதானே."