நம்பாத ராஜாவுக்கு ஒரு மரப் பரண்

முன்னொரு காலத்திலே மருதவள நாட்டை அபயசிங்கன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். அபயமும் சிங்கமும் பெயரோடு சரி. ஆள் மகா சந்தேகப் பிராணி. பாயசம் வந்தால் முதலில் சமையற்காரன் குடித்துக் காட்ட வேண்டும். சமையற்காரன் மேலும் சந்தேகம் என்பதால் அவனுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் குடிக்க வேண்டும். ராஜாவுக்கு வந்து சேர்வது வெறும் கிண்ணம்தான்.

ஊருக்கு வெளியே ஏரியும் சோலையுமாக அவனுக்கு ஒரு வனம் இருந்தது. நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன் என்று தூர தேசத்துப் பறவைகளெல்லாம் வந்து இறங்கும் இடம். ஒருநாள் ராஜாவுக்கு அவற்றைப் பார்க்கும் ஆசை வந்துவிட்டது. மந்திரி ஆவுடையப்பரைக் கூப்பிட்டான்.

“மந்திரியாரே, ஏரிக்கரையில் எனக்கு ஒரு மரப் பரண் கட்டும். நான் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும், என்னை எதுவும் பார்க்கக் கூடாது. நான் ஏற வேண்டும், எனக்குப் பின்னால் ஒருவனும் ஏறக் கூடாது.”

“உத்தரவு மகாராஜா” என்றார் மந்திரி. வேறு என்ன சொல்ல முடியும்?

வேங்கை மரத்தில் நாலு கால் நட்டார். மரத்தோடு மரமாகத் தெரியட்டும் என்று பட்டையை உரிக்க விடவில்லை. மழைநீர் வடிவதற்காகத் தரைப் பலகைகளுக்கு நடுவே இடுக்கு விட்டார். சுற்றிலும் நாணல் தட்டி, அதில் கண் வைத்துப் பார்க்கத் துவாரம். ஏறுவதற்கு நூலேணி. ராஜா ஏறியதும் தானே அதை மேலே சுருட்டிக்கொள்ளலாம்.

ராஜாவுக்கு ஒரே சந்தோஷம். ஏணியை இறக்குவதும் ஏற்றுவதுமாகச் சின்னப் பிள்ளை மாதிரி விளையாடினான். அதைப் பார்த்து மெய்க்காவல் தலைவன் கோட்டைமுத்துவுக்கு வயிறு எரிந்தது.

“ஏணி சரிதான் மகாராஜா. கீழே ஒருவன் ரம்பத்தோடு வந்து பரண் காலை அறுத்தால்?”

ராஜாவின் முகம் வெளுத்தது. அவ்வளவுதான், பரணுக்கு அடியில் நூறு வேல்காரர்கள் வந்து நெருக்கியடித்து நின்றார்கள். இருமல், தும்மல், வேலோடு வேல் உரசும் சத்தம். எந்தப் பறவை வரும்? அன்று முழுக்க உட்கார்ந்து ராஜா பார்த்தது ஒரு காக்கை. அதுவும் கோட்டைமுத்துவின் கட்டுச்சோற்றுக்கு வந்த காக்கை.

கோட்டைமுத்து காதோடு காதாக ஓதினான். “பறவையே வராத இடமாகப் பார்த்துக் கட்டியிருக்கிறார் மந்திரி. உங்களை ஊருக்கு வெளியே வரவழைக்க என்ன காரணமோ! எனக்கு எதற்கு வம்பு.”

“ஆவுடையப்பரே! நாளைப் பொழுது சாய்வதற்குள் இங்கே பறவை வர வேண்டும். இல்லாவிட்டால் உம் தலை இருக்காது!” என்று கத்தினான் ராஜா.

மந்திரிக்கு அன்று சோறு இறங்கவில்லை. பறவை ஏன் வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் காவலை எடுக்கச் சொன்னால், ‘ஏன் எடுக்கச் சொல்கிறீர்?’ என்று தலை உடனே போகும். சொல்லாவிட்டால் நாளைக்குப் போகும். பாவம் மனுஷன், என்னதான் செய்வார்?

மறுநாள் காலை ராஜா ஏறி ஏணியைச் சுருட்டிக்கொண்டதும், மந்திரி கீழே நின்று குரல் கொடுத்தார்.

“மகாராஜா, இந்தக் காவல் போதாது! இன்னும் நூறு பேர் வேண்டும். ஆட்களை நானே பொறுக்கி எடுக்கிறேன். வேலும் இன்னும் ஒரு முழம் நீளமாக இருக்கட்டும்!”

“நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்!” என்று கோட்டைமுத்து முந்திக்கொண்டான். பெருமையை மந்திரிக்கு விட்டுவிட முடியுமா?

ராஜாவுக்குத் திக்கென்றது. எலியும் பூனையுமாக இருந்தவர்கள் எப்போது ஒன்றுசேர்ந்தார்கள்? பலகை இடுக்கு வழியாகக் குனிந்து பார்த்தான். நூறு வேல் முனைகள் அவன் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே நிமிர்ந்து நின்றன. இன்னும் ஒரு முழம் நீண்டால்?

“போங்கள்! எல்லாரும் மேட்டுக்கு அந்தப் பக்கம் போங்கள்! ரம்பத்தோடு எவன் வந்தாலும் எனக்கு இங்கிருந்தே தெரியும். கோட்டைமுத்து, நீயும் போ! மந்திரி, நீரும்தான்!”

ஏரிக்கரை அடங்கியது. கொஞ்ச நேரத்தில் ஒரு நாரை வந்து இறங்கியது. அதைப் பார்த்து நாலு வந்தன. மத்தியானத்துக்குள் தண்ணீரே தெரியவில்லை. ராஜா பயப்பட மறந்து, சாப்பிட மறந்து, வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தான். பொழுது சாயும்போது தானே இறங்கி மேட்டுக்கு ஓடிவந்தான். அங்கே மந்திரி கழுத்தைத் தடவியபடி நின்றுகொண்டிருந்தார்.

“வந்துவிட்டன மந்திரியாரே, ஆயிரக்கணக்கில்! ஆமாம், எதற்காக இன்னும் நூறு பேர் கேட்டீர்?”

“நூறு பேரைக் குறையுங்கள் என்று கேட்டிருந்தால் குறைத்திருப்பீர்களா மகாராஜா?”

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். கோட்டைமுத்துவைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

“உன் ஆட்களைக் கண்டு பறவை வராததற்கு மந்திரி மேல் பழி போட்டாயே! வேலைக் கீழே போடு. நாளை முதல் வாயை மூடிக்கொண்டு சேற்றில் நில். ஒரு நாரை உன்னை நம்பிப் பக்கத்தில் வந்து மேய்ந்தால் அன்றைக்குப் பதவி திரும்பக் கிடைக்கும்.”

கோட்டைமுத்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தான். ராஜாவுக்கு உடனே பழைய புத்தி வந்துவிட்டது. கண்ணை இடுக்கி மந்திரியைப் பார்த்தான்.

“அப்படியானால் என்னை ஏமாற்றித்தானே காரியம் சாதித்தீர்? இனி உம்மை எப்படி நம்புவது?”

மந்திரி கைகூப்பினார். “நம்பவே வேண்டாம் மகாராஜா. தயவுசெய்து இனிமேல் என்னை நம்பாதீர்கள்.”

ராஜா வெகுநேரம் யோசித்தான். ‘நம்பாதே என்கிறானே, இதில் என்ன சூதோ!’

அன்றிலிருந்து அந்த நாட்டில் ராஜா நம்பிய ஒரே ஆள் ஆவுடையப்பர்தான்.