ஏழுமலை வைத்த முட்டு

முனிரத்தினத்துக்கு ஐம்பத்தாறு வயது. அவருடைய குரு பூங்காவனம் அம்மாளுக்கு நாற்பதுகூட நிறையவில்லை. வந்தவாசிப் பக்கத்தில் சின்னதாக ஒரு மடம் அந்த அம்மாளுக்கு. வயதில் பெரியவர் என்பதால் சீடரை அவர் 'நீங்க' என்றுதான் சொல்வார். சீடரோ 'அம்மா' என்று வாயெடுக்கும்போதே பாதி குனிந்துவிடுவார்.

முனிரத்தினம் ராஜஸ்தானில் சொந்தமாக ஜீப் ஓட்டுகிறவர். பாலைவனத்து மலைச்சாலையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு போய், பள்ளத்தாக்குகளையும் ஆளில்லாத ஊர்களையும் காட்டுவது தொழில். அந்தச் சாலையில் அவரை மிஞ்சிக் கதை சொல்ல ஆள் கிடையாது. அது அவருக்கே தெரியும் என்பதுதான் கொஞ்சம் தொல்லை.

வருஷா வருஷம் மடத்துக்கு வரும்போது ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"யாருக்கும் கெடுதல் இல்லாத பொய் தப்பாம்மா?"

அம்மாள் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். இந்த வருஷம், "நீங்க காட்டற ஊரையெல்லாம் எனக்கும் காட்டுங்க. அப்புறம் சொல்றேன்" என்று சொல்லி ராஜஸ்தானுக்கே ரயிலேறி வந்துவிட்டார். முனிரத்தினத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஜீப்பை இரண்டு தரம் கழுவினார்.

முதலில் ஒரு மலைமுனையில் நிறுத்தினார். கண்ணுக்கு எட்டிய வரை மரம் என்று பேருக்கு ஒன்று இல்லை. காலை வெயிலில் மலைகள் செங்கல் நிறத்தில் கிடந்தன.

"இங்கேருந்துதாம்மா ராணி குதிச்சா."

"எந்த ராணி?"

"அதை யாரும் கேக்க மாட்டாங்கம்மா."

அம்மாள் எட்டிப் பார்த்தார். "நல்ல பள்ளம்" என்றார்.

அடுத்தது ஒரு பாழடைந்த கிராமம். கூரையில்லாத வீடுகள், நடுவில் தூர்ந்துபோன கிணறு.

"ஒரே ராத்திரியில ஊரே மாயமாப் போச்சும்மா. சாபம்."

"நெஜமாவா?"

முனிரத்தினம் பிடரியைச் சொறிந்தார். "தண்ணி வத்திப் போச்சு. மூட்டை கட்டிக்கிட்டு டவுனுக்குப் போயிட்டாங்க. அங்க மாவு மில்லு வச்சு நல்லாத்தான் இருக்காங்க. மாவு மில்லைப் பாக்க யாராவது ஆயிரம் கிலோமீட்டர் வருவாங்களாம்மா?"

அம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முனிரத்தினம் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

"இதெல்லாம் சும்மாம்மா. அசல் சரக்கு இனிமேதான்" என்று கியரை மாற்றினார்.

மூன்றாவது ஊருக்குப் போகும் வளைவில் 'பேய்க் காலனி' என்று இந்தியில் ஒரு பலகை இருந்தது. அந்தக் காலத்தில் அது செம்புச் சுரங்கம். ஆழமான சுரங்கத்தில் வேலை தெரிந்தவர்கள் வேண்டும் என்று கோலார் தங்கவயலிலிருந்து தமிழர்களைக் குடும்பம் குடும்பமாகக் கூட்டி வந்தார்கள். சுரங்கத்தை மூடி இருபத்தெட்டு வருஷமாகிறது. மாரியம்மன் கோயிலில் சுவர் மட்டும் நிற்கிறது. பள்ளிக்கூடத்துச் சுவரில் 'இங்கே துப்பாதீர்' என்ற தமிழ் எழுத்து இன்னும் அழியவில்லை.

முனிரத்தினம் பிறந்தது இங்கேதான். நாலாவது வரிசை, பதினோராம் நம்பர் வீடு. எந்தச் சுற்றுலாக்காரரிடமும் அவர் அதைச் சொன்னதில்லை. பேய் ஊரில் பிறந்தவன் என்றால் கதையின் காரம் குறைந்துபோகும் என்று ஓர் எண்ணம்.

சுரங்க வாசலில் நான்கடி உள்ளே இரும்புக் கம்பிக் கதவு போட்டுப் பூட்டியிருந்தது. கதவுக்கு முன்னால் இரண்டு பக்கமும் பருத்த மரத்தூண்கள் நின்று மேலே ஒரு குறுக்குக் கட்டையைத் தாங்கிக்கொண்டிருந்தன. முனிரத்தினம் தூணில் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"நாப்பது பேரும்மா. உள்ள வேலை செஞ்சுக்கிட்டிருக்கறப்ப முட்டு முறிஞ்சு மலையே மேல விழுந்துச்சு. ஒரு பொணம்கூட வெளிய வரல. இன்னிக்கும் கதவைத் தொறங்கன்னு உள்ளேருந்து தட்டறாங்க. காது குடுத்துக் கேளுங்க."

டொக். டொக். டொக்.

அம்மாள் அசையவில்லை. "பின்னால கையில என்ன?"

முனிரத்தினம் அசடு வழியக் கையை முன்னால் நீட்டினார். ஒரு குச்சி.

"மூணு தட்டு, நிறுத்தி நிறுத்தி. நல்லா இருக்கு. எங்க கத்துக்கிட்டீங்க?"

"எங்கப்பா தட்டறதும்மா அது. அப்பா இங்க டிம்பர் மேஸ்திரி. தலைக்கு மேல பாறை இறங்காம மரத்தால முட்டுக் குடுக்கற வேலை. முட்டு வச்சதும் சுத்தியல் பிடியால மூணு தட்டு தட்டுவாரு. சத்தம் கெட்டியா வரலைன்னா பிரிச்சுட்டு மறுபடி வைப்பாரு."

"கெட்டியா வந்தா?"

"தூக்குச்சட்டியத் தொறந்து, அந்த முட்டுக்கு அடியில தனியா உக்காந்து சாப்பிடுவாரு. முழுச் சாப்பாடும். அது முடிஞ்சப்பறம்தான் ஒருத்தனை உள்ள விடுவாரு. வச்சவன்தான் முதல்ல உக்காரணும்னு சொல்வாரு."

இதைச் சொல்லும்போது அவர் குரலைத் தாழ்த்தவில்லை. குச்சியையும் எப்போதோ கீழே போட்டிருந்தார்.

அம்மாள் பையிலிருந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தை எடுத்தார். நேரே போய் அந்தக் குறுக்குக் கட்டைக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"இங்க உக்காரலாமா? ஒண்ணும் ஆயிடாதே?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க" என்றார் முனிரத்தினம். மார்பு தானாக விரிந்தது. "எங்கப்பா ஏழுமலை வச்ச முட்டும்மா அது. இன்னும் நூறு வருஷம் நிக்கும்."

"அப்ப நாப்பது பேரு எப்படிச் செத்தாங்க?"

முனிரத்தினம் அண்ணாந்து குறுக்குக் கட்டையைப் பார்த்தார்.

"முட்டு முறிஞ்சுதுன்னு சொன்னீங்க. அது யாரு வச்ச முட்டு?"

வெயில் சுள்ளென்று அடித்தது. பத்தொன்பது வருஷமாக, சீசனில் நாளைக்கு மூன்று தரம், தன் வாயாலேயே தகப்பன் வைத்த மரத்தைச் சாய்த்துக்கொண்டிருந்திருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"யாரும் சாகலம்மா" என்றார் மெதுவாக.

அந்த நேரம் பார்த்து நான்கு மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன. தமிழ்நாட்டு நம்பர். ஹெல்மெட்டைக் கழற்றிய ஒருவர் முனிரத்தினத்தைப் பார்த்ததும் மற்றவர்களிடம் திரும்பி, "அவரேதாண்டா" என்றார்.

"சார், கோயமுத்தூர்ல இருந்து வர்றோம். உங்க வீடியோ பார்த்துட்டுத்தான் இந்த ரூட்டே போட்டோம். அந்த நாப்பது பேர் கதையைச் சொல்லுங்க சார். ரெக்கார்டு பண்ணிக்கறோம்."

நான்கு போன்கள் அவர் முகத்துக்கு நேரே நீண்டன. முனிரத்தினம் குருவைப் பார்த்தார். அம்மாளோ பொட்டலத்துக் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து உதவி வராது என்று தெரிந்துவிட்டது.

"அது நான் கட்டுன கதைங்க" என்றார் முனிரத்தினம். "இங்க யாரும் சாகல."

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர்கூட. முப்பத்தொரு வருஷம் இந்தச் சுரங்கம் ஓடுச்சு. தினம் அறுநூறு பேரு உள்ள போனாங்க. அறுநூறு பேரும் வெளிய வந்தாங்க. சாயங்காலம் அவங்கவங்க வீட்டுப் பிள்ளைங்க இந்த வாசல்லதான் வந்து நிக்கும். எந்தப் பிள்ளையும் அப்பன் இல்லாம திரும்பிப் போனதில்ல. இந்த முட்டெல்லாம் வச்சது எங்கப்பா. பேரு ஏழுமலை. நான் அவரு மகன். நாலாவது வரிசை, பதினோராம் நம்பர் வீடு."

பத்தொன்பது வருஷத்தில் அந்தப் பெயரை அவர் இந்த வாசலில் வெளியாட்களிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்தபோது அவர் நிமிர்ந்து நின்றிருந்தார்.

போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

"அப்ப பேய் இல்லையா சார்? இவ்வளவு தூரம் வந்தோமே" என்றார் ஒருவர். இன்னொருவர் தூணை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். பிறகு வண்டிகளைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். புழுதி அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

முனிரத்தினம் அவர்கள் போன சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பேயைப் பாக்கத்தாம்மா வந்தாங்க. இதுக்கு இனிமே யாரு வருவாங்க?"

பூங்காவனம் அம்மாள் எழுந்தார். முட்டுக்கு அடியில் தான் உட்கார்ந்திருந்த இடத்தைக் கையால் தட்டிச் சுத்தம் செய்து, பிரிக்காத பொட்டலத்தை அவரிடம் நீட்டினார்.

"நீங்களும் ஒரு முட்டு வச்சாச்சுல்ல. நீங்க முதல்ல உக்காந்து சாப்பிடுங்க."