எறும்பு நின்று கேட்கும் கேள்வி

அந்தக் காலத்தில் எறும்புகளுக்கும் வாய்ப்பேச்சு இருந்தது. ஆற்றங்கரைப் பூவரச மரத்தடியில் கட்டெறும்புகளின் புற்று ஒன்று. அதன் வாசலைக் காத்தவள் மாடத்தி. யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்பதை மூத்த எறும்புகளின் சபை முடிவு செய்யும். வாசலில் நின்று அதை எடுத்துச் சொல்வது மட்டும்தான் அவள் வேலை.

ஒரு வருஷம் வெள்ளம் வந்து புற்றில் பாதிப் பேரை அடித்துக்கொண்டு போயிற்று. இடிந்ததைக் கட்ட ஆள் இல்லை. "சுமை தூக்கத் தெரிஞ்ச யாரா இருந்தாலும் வரலாம்" என்றது சபை. அக்கரையிலிருந்து செவ்வெறும்புகள் வந்தார்கள். அவர்களில் செங்கமலம் என்பவள் மாடத்தியின் அறைக்கு அடுத்த அறையில் தங்கினாள். மாடத்தியை மதினி என்று கூப்பிட்டாள். தீனி கிடைத்தால் முதல் வாய் மதினிக்குத்தான்.

சுவர் எழும்பி, களஞ்சியமும் நிறைந்த பிறகு சபைக்குச் சாமி ஞாபகம் வந்தது. கட்டெறும்புகள் சூரியனைக் கும்பிடுகிறவர்கள். விடிந்ததும் கிழக்கே பார்த்து முன்னங்கால்களால் முகத்தைத் தடவிக்கொண்ட பிறகுதான் சுமையைத் தொடுவார்கள். செவ்வெறும்புகளுக்குச் சாமி மழை. சூரியனைக் கும்பிடுகிறவர்களுக்கே வாசல் என்று சட்டம் வந்தது. செங்கமலத்தின் கூட்டம் அதையும் கற்றுக்கொண்டது. ஒரே மாதத்தில் கட்டெறும்புகளைவிடப் பக்தியாக முகம் தடவினார்கள். சபைக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கும்பிடுவதைக் கற்றுக்கொள்ளலாம், பிறப்பைக் கற்றுக்கொள்ள முடியாதல்லவா? "நம்ம புற்றோட வாசனை மேல இருக்கணும். அதுதான் நம்ம இனம்" என்று மூன்றாவது சட்டம் போட்டார்கள். மாடத்தி வாசலில் நின்று ஒவ்வொருவராக முகர்ந்தாள். செங்கமலத்தின் மேலும் அதே வாசனை. ஒரே தீனியைத் தின்று, ஒருவரையொருவர் நக்கிச் சுத்தம் செய்து வாழ்கிறவர்களுக்கு வேறு என்ன வாசனை வரும்? அப்படியும் சபை சட்டத்தை எடுக்கவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் செங்கமலம் வெட்டுக்கிளிக் கால் ஒன்றைப் புற்றுக்கு இழுத்து வரும்போது மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் எருக்கஞ்செடியில் ஒட்டிக்கொண்டு கிடந்துவிட்டு, மதியவாக்கில் வந்து சேர்ந்தாள். ஆற்றுத் தண்ணீர் பூவரச வேரைத் தொட்டிருந்தது. வாசலை அடைக்க மண்ணுருண்டையோடு நின்றாள் மாடத்தி. அவளுக்குப் பின்னால் சபைக்காரி ஒருத்தி.

மாடத்தி செங்கமலத்தை முகர்ந்தாள். மழை எல்லாவற்றையும் கழுவியிருந்தது.

"மதினி, நான்தான்."

"நீதான்னு தெரியுது. மேல வாசனை இல்லையே."

"ஒருவாட்டி நக்கிவிடுங்க மதினி, வந்துரும். தண்ணி ஏறுது."

ஒரு நக்கு போதும் என்பது மாடத்திக்கும் தெரியும். திரும்பிப் பார்த்தாள். சபைக்காரி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பழியை அவள் தலையில் போட்டிருக்கலாம். மாடத்தி மண்ணுருண்டையை வைத்து வாசலை மூடினாள்.

வெள்ளம் வடிந்து திறந்தபோது வெட்டுக்கிளிக் கால் மட்டும் வேரில் சிக்கிக் கிடந்தது. அதை எடுக்க இறங்கிய மாடத்தி வழுக்கி, தேங்கிய தண்ணீரில் முழுக்க நனைந்து எழுந்தாள். அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. எதிரே வந்த முதல் எறும்பை நிறுத்தி, "என் மேல வாசனை இருக்கா, பாரு" என்றாள். பார்த்தவளுக்கும் தன்னைப் பற்றி அதே பயம் தொற்றிக்கொண்டது. அவள் அடுத்தவளை நிறுத்தினாள். பொழுது சாய்வதற்குள் புற்றில் வேறு பேச்சே இல்லை.

அன்று முதல்தான், நூறு தடவை பார்த்த முகமானாலும், எதிரே வரும் ஒவ்வோர் எறும்பிடமும் ஒரு கணம் நின்று, 'நான் இன்னும் உங்களில் ஒருத்திதானா?' என்று கேட்டுவிட்டுப் போகிறது எறும்பு.