மருந்து படாத பதினொன்று

கருவேலங்குளம் ஜமீனில் ஆயுதசாலைக்குப் பொறுப்பாளர் வெயிலுகந்தார். அங்கே துப்பாக்கி துடைக்கிற சடைச்சியை ஜமீன்தார் ஒருநாள் "கெட்டிக்காரி" என்று சொல்லித் தொலைத்தார். அன்றிலிருந்து வெயிலுகந்தாருக்குச் சோறு இறங்கவில்லை, வயிறுதான் எரிந்தது.

பட்டணத்து வியாபாரி செங்கல்வராயன், சீமை ரிவால்வரைப் பார்த்துச் செய்த பன்னிரண்டு நகல்களைக் கொண்டுவந்தான். பெட்டியைக்கூடத் திறக்காமல், "நானே சோதித்துவிட்டேன், அத்தனையும் தங்கம்" என்று ஜமீன்தாரிடம் சொன்னார் வெயிலுகந்தார். நகலில் குறை இருந்தால் ஆறு குண்டும் கைக்குள்ளேயே சேர்ந்து வெடிக்கும். ஆனால் கருமருந்து போட்டுச் சுட்டுவிட்டால் வியாபாரி திருப்பி வாங்கமாட்டான். அதுதான் அவன் நிபந்தனை.

"சுடாமலே பழுதைக் கண்டுபிடியேன், கெட்டிக்காரி!" என்று, பெட்டியைச் சந்தேகமாகப் பார்த்த சடைச்சியை ஜமீன்தார் முன்னாலேயே சீண்டினார் வெயிலுகந்தார்.

"ஆகட்டும் எசமான்" என்றவள் வியாபாரியிடம் திரும்பினாள். "ஐயா, உங்களுக்குப் பிடிச்ச ஒண்ணை எடுத்து நீங்களே சுட்டுக் காட்டுங்க."

வியாபாரி ஒவ்வொன்றாக எடுத்தான். உருளையைச் சுற்றினான், குழலுக்குள் பார்த்தான், உதட்டைப் பிதுக்கிக் கீழே வைத்தான். பன்னிரண்டாவதுதான் அவனுக்குப் பிடித்தது. சுட்டான், கட்டித் தொங்கவிட்ட இளநீர் சிதறியது.

"சுட்டதை நாங்க வச்சுக்கிறோம்" என்றாள் சடைச்சி. "நீங்க சுடத் துணியாத பதினொண்ணுலயும் மருந்து படலை. உங்க நிபந்தனைப்படியே எடுத்துட்டுப் போங்க."

ஜமீன்தார் அந்தப் பதினொன்றில் ஒன்றை எடுத்து நீட்டினார். "வெயிலுகந்தாரே, நீர் சோதித்ததுதானே? ஒன்று வீணானாலும் பரவாயில்லை, சுட்டுக் காட்டும்."

வெயிலுகந்தார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அம்மா சடைச்சி," என்றார், "அந்தப் பன்னிரண்டாவதைக் கொஞ்சம் இப்படிக் கொடம்மா."