பத்து நிமிஷக் குறுக்கெழுத்து

அந்த ட்ரங்க் கால் காலத்தை நினைத்தால் மனசு இன்றும் அங்கேயே போய் நிற்கிறது. எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் சூப்பர்வைசர் ரங்கபாஷ்யம் ஆங்கிலப் பேப்பரின் புதிர்க் குறுக்கெழுத்தைப் பத்தே நிமிஷத்தில், அதுவும் பேனாவால், நிரப்பி எறிவார். ஆபரேட்டர் செல்வமேரி அதைத் தினமும் வீட்டுக்கு எடுத்துப்போவாள்.

"நீயும் கத்துக்கறியாமே? டீ வர்றதுக்குள்ள இதை முடி, பார்ப்போம்!" என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் சவால் விட்டார்.

டீ வருமுன்பே நிரப்பிக் கொடுத்தாள்.

"என்னம்மா இது, இஷ்டத்துக்கு எழுத்தைப் போட்டு வச்சிருக்கே!" என்று கத்தினார்.

"உங்களைப் பார்த்துத்தான் சார். ஆறு மாசமா மறுநாள் வர்ற விடையோட ஒத்துப் பார்க்கறேன், உங்க விடை ஒண்ணுகூடப் பொருந்தலை. சரியாப் போடணும்னா எனக்கு ஒரு குறிப்புக்கே அரைநாள் ஆகுது."

மறுநாள் அவர் சட்டைப்பையில் பேனா இல்லை, பென்சில் இருந்தது. ரப்பரைச் செல்வமேரிதான் கொடுத்தாள்.